சிற்றணைகளின் பிரயோஜனமும் பாதுகாப்பும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, திருநெல்வேலியையும் ஸ்ரீவைகுண்டத்தையும் கடந்து, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரம் ஓடிவரும் தாமிரபரணி நதி சமுத்திரத்தோடு சங்கமமாகும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். நதியின் தலைப்பில் எவர் எதைச் செய்தாலும், எந்த மதகைத் திறந்தாலும் அடைத்தாலும், எந்தக் குளத்தின் கரையைச் செப்பனிட்டாலும் செப்பனிடாமல் விட்டாலும், அதன் பலாபலன் முழுவதும் முடிவில் வந்து சேர்வது இந்தக் கடற்கரைக் கிராமத்தின் வாசலுக்குத்தான். ஆகையால், வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று நிற்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் சிறிய அணைகளும் தடுப்பணைகளும் குளங்களும் உண்மையில் எந்தப் பிரயோஜனத்திற்காக நிற்கின்றன, அவற்றின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்குப் புன்னைக்காயலைவிட அதிக உரிமையுள்ள ஊர் இந்த நதிக்கரையில் வேறு இல்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் மேல் பெய்த மழையை இந்தப் பிரதேசத்து ஜனங்கள் தம் ஆயுட்காலத்தில் மறக்கமாட்டார்கள். புன்னைக்காயலுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விஞ்சிய மழை ஒரு பகலும் ஓர் இரவும் முடிவதற்குள் கொட்டித் தீர்ந்தது. ஏரலில் ஆற்றுப்பாலத்தின் அணுகுசாலை அறுத்துக்கொண்டு போயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் உணவின்றிச் சிறைப்பட்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்தின் வீதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. புன்னைக்காயல் சாலைத் தொடர்பை இழந்து நாற்புறமும் நீர் சூழத் தனித்து நின்றது. அந்த நாட்களில் எழுந்த விவாதங்களில் பாபநாசம் அணையையும் மணிமுத்தாறு அணையையும் எப்போது திறந்தார்கள், எவ்வளவு திறந்தார்கள் என்ற விஷயமே பிரதானமாக இருந்தது. அந்த விசாரணை அவசியமானதே. ஆயினும், உடைந்தவையும் அடைபட்டவையும் மறுகால் பாய முடியாமல் கரைபுரண்டவையும் பெரும்பாலும் பெயர் தெரியாத சிறிய நீர்நிலைகளே என்ற உண்மை அந்த ஆரவாரத்தில் மறைந்துபோயிற்று.

இந்த உண்மையை விளங்கிக்கொள்வதற்கு நதியின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் மூன்று அணைகள் இருக்கின்றன. 143 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் பாபநாசம் அணையில் சுமார் 5,500 மில்லியன் கன அடியும், 118 அடி தேக்கும் மணிமுத்தாறு அணையில் ஏறக்குறைய அதே அளவும், 156 அடி தேக்கும் சேர்வலாறு அணையில் சுமார் 1,225 மில்லியன் கன அடியும் கொள்ளும். அவற்றுக்குக் கீழே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் நதிக்குக் குறுக்கே வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வடகால், தென்கால் என்னும் இரண்டு கால்வாய்களின் வழியாக 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் அளிப்பதற்காகக் கட்டப்பட்டது. அதற்கும் கீழே, முக்காணிக்கும் சேர்ந்தபூமங்கலத்துக்கும் இடையில், கடல்நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுப்பதற்கும் நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கும் ஒரு தடுப்பணை எழுந்திருக்கிறது. இவற்றோடு, கால்வாய்களின் இருமருங்கிலும் ஒன்றன் உபரி நீர் மற்றொன்றில் பாயும்படி தொடுத்து அமைந்த குளங்கள் பல.

இவற்றுள் வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது எது? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வதென்றால், ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மலையணைகள் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நீரைச் சேமித்து வைக்கின்றன. அணைக்கட்டுகள் ஓடுகிற நீரைச் சிறிது உயர்த்திக் கால்வாயின் தலைவாயிலில் திருப்பிவிடுகின்றன. தடுப்பணை உவர்நீரை எதிர்த்து நிற்கிறது. குளங்கள் மழைக்காலத்து நீரைப் பிசானப் பயிருக்கும் கோடைக்கும் வைத்துக் காக்கின்றன. இவை ஒவ்வொன்றும் உத்தமமான காரியமே. ஆனால் வெள்ளத் தடுப்பு என்பது இவை அனைத்தினின்றும் வேறான தருமம். வேறானது மட்டுமன்று, பல சமயங்களில் நேர் விரோதமானது. சேமிப்பவன் தன் அணை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறான். வெள்ளத்துக்கு அஞ்சுகிறவனோ அது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். ஒரே கரைக்கு உட்பட்ட ஒரே பள்ளத்தில் இந்த இரண்டு விருப்பங்களையும் முழுமையாக நிறைவேற்றுவது எந்தப் பொறியாளராலும் ஆகாத செயல்.

கணக்கு எளிமையானது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் பாயும் வெள்ளம் ஒரு மணி நேரத்தில் 360 மில்லியன் கன அடி நீரைக் கொண்டுவருகிறது. அப்படியானால், சேர்வலாறு அணை அடியோடு வறண்டு கிடந்தாலும் அத்தகைய வெள்ளம் அதை மூன்றரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். மணிமுத்தாறு அணையே பதினைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அவ்வாறிருக்க, சுமார் எட்டடி மட்டுமே நீர் தேக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டோ, அதற்குக் கீழுள்ள தடுப்பணையோ வெள்ளத்தை அடக்கிப் புன்னைக்காயலைக் காப்பாற்றும் என்று எதிர்பார்ப்பது, அந்தக் கட்டடங்களுக்கும் நியாயம் செய்வதாகாது, அவற்றை நம்பி உறங்குகிற ஜனங்களுக்கும் நியாயம் செய்வதாகாது. ஓர் அணையினால் விளையக்கூடிய முதல் அபாயம் அதன் சுவரிலுள்ள விரிசலன்று. அதனால் செய்ய முடியாத ஒன்றை அது செய்யும் என்று கீழே வாழ்கிறவர்கள் நம்பிக்கொண்டிருப்பதே ஆகும்.

வெள்ளத் தடுப்பை மாத்திரமே உத்தேசமாகக் கொண்ட அணை எவ்வாறு இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மயாமி நதிப் பள்ளத்தாக்கு நல்லதோர் உதாரணம். 1913-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டேட்டன் நகரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் பெருவெள்ளம் மூழ்கடித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னர், அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் தம் சொந்தப் பணத்தையே திரட்டி, ஆர்தர் மார்கன் என்னும் பொறியாளரைக் கொண்டு, ஐந்து மண்ணணைகளை எழுப்பினார்கள். அவை 1922-ஆம் ஆண்டில் பூர்த்தியாயின. அந்த அணைகளின் விசேஷம், அவற்றுக்குக் கதவுகளே கிடையாது என்பதுதான். அடித்தளத்திலுள்ள சுரங்கவழிகள் எந்நாளும் திறந்தே கிடக்கின்றன. சாதாரண நாட்களில் நதி அவற்றின் வழியே தடையின்றி ஓடுகிறது. அணைக்கு மேற்புறத்து நிலங்களில் பயிர்த்தொழில் நடக்கிறது. சுரங்கவழி விடக்கூடிய அளவுக்கு மேல் வெள்ளம் வரும்போது மாத்திரம் எஞ்சிய நீர் தானாகவே பின்தேங்கி நின்று, பிறகு மெதுவாக வடிகிறது. கட்டி முடித்த நாளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அவை இவ்வாறு வெள்ளத்தைத் தேக்கி அனுப்பியிருக்கின்றன. மதகைத் திறப்பதற்கு நள்ளிரவில் எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

உத்தேசம் கலங்கினால் என்ன நேரும் என்பதற்கு நாம் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி, தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சும் நகரத்தின் இயல்பான ஆசைப்படி ஏறக்குறைய நிறைந்திருந்த வேளையில், மேலும் பெருமழை வந்து சேர்ந்தது. கடைசி நேரத்தில் வினாடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிட நேர்ந்ததும், அடையாற்றின் கரையோரத்து மக்கள் அனுபவித்த துயரமும் யாவரும் அறிந்தவை. குடிநீருக்காக ஏரியை நிரப்பி வைத்தது பிழையன்று; ஆனால் வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் எவ்வளவு இடத்தை வெள்ளத்துக்கென்று ஒதுக்கி வைப்பது, அந்த இடம் நிரம்பினால் எந்த நேரத்தில் எவ்வளவு விடுவது என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து, ஜனங்கள் அறியப் பிரகடனம் செய்யாமல் இருந்தது பெரும் பிழை.

அப்படியானால் சிறிய அணைகளாலும் குளங்களாலும் வெள்ள காலத்தில் பயனே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். பயன் உண்டு, நிச்சயமாக உண்டு. 2023-ஆம் ஆண்டின் பெருமழையில் பெரும்பகுதி மலையணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடலோரத்திலும் பெய்தது. அந்த நீரின் ஒரு துளியையும் மலையிலுள்ள அணை பிடித்துவைக்க முடியாது. தேரிக் காட்டிலும் கரிசல் காட்டிலும் விழுந்து ஓடைகளாகத் திரளும் நீரை அங்கங்கே சிறிது நேரம் நிறுத்தி, எல்லா ஓடைகளின் வெள்ளமும் ஒரே நாழிகையில் ஆற்றுக்கு வந்து சேராதபடி தாமதப்படுத்துவது சிறிய நீர்நிலைகளால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். வெள்ளத்தின் உச்சம் சில மணி நேரம் தள்ளிப்போனாலும், கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் மேட்டுக்குப் போய்ச் சேருவதற்கு ஒரு கிராமத்துக்கு அது போதுமான அவகாசம். நம் முன்னோர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படியும், கலுங்கின் உயரம் கரையின் உயரத்துக்குத் தக்கபடி தாழ்ந்திருக்கும்படியும் அவர்கள் அமைத்த சங்கிலித் தொடர், நீர்ச் சேமிப்போடு வெள்ளத் தணிப்பையும் சேர்த்துச் செய்தது.

ஆனால் அந்தச் சங்கிலியின் பலமே அதன் பலவீனமும் ஆகிறது. மேற்குளம் உடைந்தால், கீழ்க்குளத்துக்கு வருவது மழைநீர் மாத்திரமன்று. பல நாட்களாகத் தேங்கி நின்ற நீர் முழுவதும் ஒரே வேகத்தில் வந்து மோதுகிறது. அதைத் தாங்காமல் கீழ்க்குளமும் உடைந்தால், மூன்றாவது குளத்துக்கு வரும் பிரவாகம் இரட்டிப்பாகிறது. இவ்வாறு தலைக்குளத்தில் நேர்ந்த ஒரு சிறிய அஜாக்கிரதை, கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பெரும் உற்பாதமாக வளர்ந்துவிடுகிறது. குளத்தின் வயிற்றில் வண்டல் ஏறினால் கொள்ளளவு குறைகிறது. வரத்துக்காலில் அமலைச்செடி அடைத்துக்கொண்டால் நீர் வேறு வழி தேடுகிறது. மறுகால் ஓடையை ஆக்கிரமித்து வீடும் தோட்டமும் எழுந்துவிட்டால், கலுங்கு சரியாக இருந்தும் நீர் போக இடமில்லாமல் கரைமேல் ஏறுகிறது. கரையில் வேரோடிய சீமைக்கருவேல மரம் பட்டுப்போனால், அந்த வேர் மக்கிய துவாரமே நீர்க்கசிவுக்கு மார்க்கமாகிறது. மண் கரையை நீர் பெரும்பாலும் இரண்டு விதமாக அழிக்கிறது: மேலே வழிந்து வெளிச்சரிவை அறுக்கிறது, அல்லது உள்ளே கசிந்து மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் முன்னறிகுறிகள் உண்டு. கரைமேல் நடந்து பார்க்கும் ஒரு மனிதன் இருந்தால் அவை அவன் கண்ணில் படும்.

தமிழ்நாட்டின் சிறிய அணைகளின் சரித்திரத்தில் 1977-ஆம் ஆண்டு நிகழ்ந்த குடகனாறு அணையின் உடைப்பு, பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், வேடசந்தூருக்கு அருகே, காவிரியின் துணை நதிகளில் ஒன்றான குடகனாற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட அந்த மண்ணணை, ஆழமான அஸ்திவாரத்திலிருந்து அளந்தால் 15.75 மீட்டரும், ஆற்றுப் படுகையிலிருந்து அளந்தால் 11.45 மீட்டரும் உயரமுள்ளது. அதற்கு ஐந்து ஷட்டர்கள் இருந்தன. வெள்ளம் வந்தபோது ஊழியர்கள் உறங்கிவிடவில்லை. உடனே ஷட்டர்களை உயர்த்தத் தொடங்கினார்கள். பாதி உயர்த்துவதற்குள் மின்சாரம் நின்றது. மாற்று ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. பிறகு கையால் சுற்றி உயர்த்த முயன்றார்கள். அதற்குள் நீர் கரைக்கு மேல் ஏறி, வெளிச்சரிவில் அருவியாக விழுந்து, இருபது மீட்டர் முதல் இருநூறு மீட்டர் வரை அகலமுள்ள உடைப்புகளைப் பல இடங்களில் உண்டாக்கிவிட்டது. அஸ்திவாரம் பலமாக இருந்தது. ஆட்கள் கடமையைச் செய்தார்கள். இருந்தும் அணை போயிற்று. மழை உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்சாரம் நிற்கும் என்ற சர்வசாதாரணமான உண்மையை முன்கூட்டி யோசித்து ஏற்பாடு செய்யாததே அதற்குக் காரணங்களுள் முக்கியமானது.

சமீப காலத்துச் சம்பவங்களும் இதே படிப்பினையை வெவ்வேறு ரூபங்களில் போதிக்கின்றன. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் தோன்றிய அந்த அணை பல தலைமுறைகளாகத் தன் கடமையைச் செய்துவந்தது, ஆனால் வயது முதிர்ந்த கட்டடத்துக்கு வேண்டிய பராமரிப்பு வயதுக்கு ஏற்ப வளரவில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூரில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே ஏறத்தாழ 25 கோடி ரூபாய் செலவில் 2020-இல் கட்டி முடித்த தடுப்பணையோ, 2021 ஜனவரியில் ஒரு பக்கம் இடிந்து, அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சேதமுற்று, கரையோரத்து நிலங்களையும் வீடுகளையும் ஆறு அறுக்கத் தொடங்கியதனால், இறுதியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பினால், அதன் இரண்டு பக்கங்களையும் சுற்றிக்கொண்டு போக ஆறு முயலும் என்பது ஆற்றோரத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். முதுமையும் அவசரமும், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரணங்கள், ஒரே விதமான அழிவில் கொண்டுபோய் விட்டன.

இப்போது சட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். 1979-இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரத்தில் எண்ணற்ற உயிர்கள் மாண்ட காலம் முதலாகவே பேசப்பட்டுவந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், நீண்ட தாமதத்துக்குப் பின் 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. தேசிய அளவில் ஓர் ஆணையமும் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பாதுகாப்பு நிறுவனமும் அமைய வேண்டும், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளைச் சோதிக்க வேண்டும், ஆபத்துக் காலத்துக்குரிய செயல்திட்டத்தை ஆயத்தம் செய்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. சிலாக்கியமான சட்டமே. ஆனால் அது யாரைக் காக்கிறது? பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், பத்து மீட்டருக்கும் பதினைந்து மீட்டருக்கும் இடைப்பட்ட உயரமுடையவற்றுள் கரையின் நீளம், கொள்ளளவு, வெளியேற்றக்கூடிய வெள்ளம் முதலிய நிபந்தனைகளுள் ஒன்றையேனும் பூர்த்தி செய்பவற்றையும் மாத்திரமே அது தன் அதிகாரத்துக்குள் கொள்கிறது. ஆழமான அஸ்திவாரத்திலிருந்து அளந்த குடகனாறு அணை அந்த முதல் எல்லையை முக்கால் மீட்டர் வித்தியாசத்தில்தான் தாண்டியிருக்கும். பத்து மீட்டருக்குக் குறைந்த அணைக்கட்டும், தடுப்பணையும், நூற்றாண்டுக் கணக்காக நிற்கும் குளத்தின் மண் கரையும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை.

அபாயத்தை உயரத்தால் அளப்பது சௌகரியமான முறை. ஆனால் சரியான முறையன்று. ஆளில்லாத காட்டின் நடுவே நிற்கும் முப்பது மீட்டர் அணையைவிட, கரைக்குக் கீழே ஐந்நூறு குடும்பங்கள் வசிக்கும் ஐந்து மீட்டர் குளக்கரை அதிக ஜாக்கிரதைக்கு உரியது. ஓர் அணை உடைந்தால் அதன் நீர் எந்த வழியாகப் போகும், அந்த வழியில் எத்தனை வீடுகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் இருக்கின்றன என்பதை அளவுகோலாகக் கொண்டு நீர்நிலைகளைத் தரம் பிரிப்பதே தர்மசம்மதமான முறை. மத்திய சட்டம் திருத்தப்படும் வரை மாநில சர்க்கார் காத்திருக்க வேண்டியதில்லை. குளங்களும் தடுப்பணைகளும் மாநிலத்தின் பரிபாலனத்தில் இருக்கின்றவையே. அவற்றுக்கென்று பாதுகாப்பு விதிகளை வகுத்துக்கொள்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் மதித்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் குளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பொறியாளரை அனுப்ப ஆளுமில்லை, பணமுமில்லை என்பது ஒரு வாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரே விதமான சோதனை வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அபாயம் அதிகமுள்ளவற்றை முதலில் பார்த்து, மற்றவற்றை ஊர்ப் பாசன சங்கத்தினரும் நீர்ப்பாய்ச்சிகளும் பார்த்து எழுதிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ஒரே ஒரு வெள்ளத்துக்குப் பின் சாலைகளையும் பாலங்களையும் மீண்டும் கட்டுவதற்கும் நிவாரணம் கொடுப்பதற்கும் ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். மற்றொரு வாதம் விவசாயிகளுடையது; இது முன்னதைவிடக் கனமானது. கார் பருவம் பொய்த்துப் பிசானத்தை நம்பி வாழும் கடைமடை விவசாயியிடம், மழை வரும் என்ற ஊகத்தின் பேரில் டிசம்பர் மாதத்தில் குளத்து நீரைத் திறந்துவிடச் சொல்வது, அவருடைய ஜீவனாம்சத்தைப் பணயம் வைக்கச் சொல்வதாகும். திறந்த பின் மழை பொய்த்தால் அவர் வாழையும் நெல்லும் வாடும். ஆகவே, எந்தத் தேதியில் எந்த மட்டம் வரை நீர் நிறுத்தலாம் என்பதை விவசாயிகளோடு கலந்து நிர்ணயித்து வெளியிட வேண்டும். அந்த விதிப்படி நீரை விட்டதனால் பயிருக்கு நஷ்டம் நேர்ந்தால், அதை ஈடு செய்வது பிச்சையாகவன்று, உரிமையாக இருக்க வேண்டும். கீழே வாழ்கிறவர்களின் உயிருக்காக மேலே வாழ்கிறவர் தம் நீரை விட்டுக் கொடுக்கிறார் என்றால், அந்தச் செலவைச் சமுதாயம் முழுவதும் ஏற்க வேண்டும்.

ஆற்றிலிருந்து கடலில் கலக்கும் நீர் முழுவதும் வீண் என்ற பரவலான எண்ணத்தையும் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. மார்க்கோ போலோ கண்ட காயல் துறையும் பிற்காலத்தில் கடலை இழந்தது. அதன்பின் போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் துறைமுகமாகப் பிரசித்தி பெற்றது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலே இந்த மாறுதல்களுக்கெல்லாம் காரணம். நதி தன் வண்டலால் இந்தக் கரையை உருவாக்கிற்று. அதன் நன்னீர் வந்து கலப்பதனாலேயே முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு வளர்கிறது, மீனும் இறாலும் குஞ்சு பொரித்துப் பெருகுகின்றன. இப்போதோ, அந்த வண்டலின் ஒரு பெரும் பகுதி அணைக்கட்டுகளின் வயிற்றில் தங்கிவிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல காலமாக மண்டிய வண்டலையும் செடி கொடிகளையும் அகற்றுவதற்கு 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு தேவைப்பட்டது என்பது, ஆண்டுதோறும் தானாக நடைபெற வேண்டிய சாதாரண பராமரிப்பு நம்மிடையே எவ்வளவு அருகிவிட்டது என்பதற்குச் சாட்சி.

வெள்ளத்தின் கடைசிக் கண்டம் முகத்துவாரத்தில்தான் தீர்மானமாகிறது. வாடைக்காற்று ஓங்கி, கடல் ஏற்றத்தில் இருக்கும் வேளையில், ஆற்றுவாயில் மணல் திட்டும் மேடிட்டிருந்தால், மேலிருந்து வரும் பிரவாகம் வடிய வழியின்றிப் பின்தேங்கிப் பழையகாயல், முக்காணி, ஆத்தூர்ப் பக்கத்து நிலங்களில் விரிகிறது. மேலே எத்தனை அணைகளைச் செம்மைப்படுத்தினாலும், வாயில் அடைபட்டிருந்தால் அத்தனையும் பயனற்றுப் போகும். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மணல் ஏறும், எப்போது வெட்டிவிட்டால் நீர் தானே வழி அகலப்படுத்திக்கொள்ளும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் புன்னைக்காயல் மீனவர்கள். பெருவெள்ளத்தின்போது தண்ணீரில் சிக்கியவர்களை மீட்பதற்குப் படகுகளோடு போனவர்களும் இந்தக் கடற்கரைச் சமூகத்தினரே. அவர்களுடைய அனுபவ ஞானத்துக்கு வெள்ளத் தடுப்புத் திட்டம் எதிலும் இதுவரை உத்தியோகபூர்வமான இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நான் வேண்டுவது புதிய அணைகளை அன்று. தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றுக்குத் திருப்பி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட தேரி நிலங்களுக்குக் கொண்டுசெல்வதற்காக 2009-இல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய், ஆற்றின் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கும். அதன் முழுப் பயனும் கிடைக்கும்படி கிளைகளையும் குளங்களையும் இணைத்து முடிக்க வேண்டும். அதற்கப்பால், இருக்கிற நீர்நிலைகள் ஒவ்வொன்றிலும் அதன் உத்தேசம் என்ன, எவ்வளவு நீர் கொள்ளும், எவ்வளவு வெள்ளத்தை ஆபத்தின்றி வெளியேற்றும், கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள், அபாயம் நேர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஐந்து விவரங்களையும் கல்லில் எழுதி ஊரார் பார்வையில் நாட்ட வேண்டும். ஷட்டர்களை ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் முடிவதற்குள் மின்சாரத்தால் ஒரு முறையும், மின்சாரமின்றிக் கையால் ஒரு முறையும் முழுவதும் உயர்த்திக் காட்ட வேண்டும். மறுகால் ஓடைகளின் எல்லைகளை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றும்போது அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்று இடம் கொடுத்த பின்பே அகற்ற வேண்டும். மேலணையில் மதகு திறந்தால், ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு நேரம், ஏரலுக்கு ஒரு நேரம், புன்னைக்காயலுக்கு ஒரு நேரம் என்று நீர் வந்து சேரும் காலத்தைக் கணக்கிட்டு, கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தாலும் கேட்கக்கூடிய விதத்தில், கோயில் மணியாலும் மாதாகோவில் மணியாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியாலும் அறிவிக்கும் சம்பிரதாயத்தை ஊர்தோறும் ஏற்படுத்த வேண்டும். முகத்துவாரத்தின் நிலையைப் பருவமழைக்கு முன் மீனவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, வேண்டுமிடத்தில் மணலை அகற்ற வேண்டும்.

இவற்றில் எதுவும் அசாத்தியமானதன்று. எதற்கும் அந்நிய நாட்டு நிபுணர் வேண்டாம். எதுவும் திறப்பு விழாவும் கல்வெட்டும் பெறக்கூடிய காரியமுமன்று. அதனாலேயே இவை தள்ளிப் போடப்படுகின்றன என்று நான் அஞ்சுகிறேன். சுவரை எழுப்புவது ஒரு தடவை செய்யும் செயல். சுவரைக் காப்பது ஒவ்வோராண்டும் செய்ய வேண்டிய விரதம். அந்த விரதத்தைக் கைக்கொள்ள மனமில்லாதவர்கள் ஆற்றின் குறுக்கே ஒரு கல்லையும் அடுக்காமல் இருப்பதே ஜனங்களுக்குச் செய்யும் உபகாரமாகும். கைக்கொள்ள மனமுள்ளவர்கள், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, இந்த நதியின் தலைக்குளத்திலிருந்து தொடங்கிக் கடைசிக் கரை வரையில் நடந்து பார்த்து, கண்டதை எழுதி, எழுதியதை ஊரார் முன்னிலையில் படிக்கட்டும். தம் தலைக்கு மேலே என்ன நிற்கிறது, அது எத்தனை பலமாக நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது புன்னைக்காயல் ஜனங்களின் உரிமை. அதை அவர்களுக்குத் தெரிவிப்பது சர்க்காரின் கடமை.